பலகையில் சீனர் ஒன்று

மற்றப் பள்ளிக்கூடங்களில் மாணவர் எண்ணிக்கை குறைந்தால் தலைமையாசிரியருக்குத் தூக்கம் போய்விடும். எங்கள் பள்ளியில் எண்ணிக்கை குறைந்தால் தேங்காய்ப்பால் சோறும் மிளகாய்ச் சம்பலுமாக நாசி லெமாக் வாங்கிச் சாப்பிடுவோம். எங்கள் பிள்ளைகளை அம்மா அப்பா கொண்டுவந்து சேர்ப்பதில்லை, நீதிமன்றம் அனுப்பிவைக்கிறது. ஏதோ ஒரு வம்பில் மாட்டி, சிறைக்கு அனுப்ப வயது பற்றாமல், "கொஞ்ச நாள் அங்கே தங்கிப் படி" என்று மாஜிஸ்திரேட் சொன்ன பெண் பிள்ளைகள். ஈப்போவுக்குத் தெற்கே சிம்பாங் பூலாயைத் தாண்டி, சுண்ணாம்பு மலையின் காலடியில், ஒரு விடுதி, சில வகுப்பறைகள், ஒரு சமையலறை, வாசலில் காவலுக்கு ஒரு ஜாகா. அவ்வளவுதான் பள்ளி. ஒரு பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள் என்றால் அன்றைக்குப் பசியாறுவது யாராவது ஒரு ஆசிரியரின் செலவு.

அலுவலகத்தில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. மலாய்க்காரர், சீனர், இந்தியர், மற்றவர் என்று நான்கு கட்டம். திங்கட்கிழமை காலையில் அலுவலகக் கணக்கு எழுதும் எங்கள் கிராணியம்மா கையில் துணியோடு வந்து பழைய எண்ணைத் துடைத்துப் புதிய எண்ணை எழுதுவார். எந்த நீதிமன்ற வண்டி எப்போது யாரைக் கொண்டுவரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் மேசை நாற்காலி, தட்டு, போர்வை, எனக்குக் கிடைக்கும் புத்தகம், எல்லாம் அந்தப் பலகையைப் பார்த்துத்தான் நடக்கும். அந்தப் பலகைக்கு நான் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது, இங்கே எழுத முடியாது.

நான் அங்கே தமிழ் டீச்சர். வாரத்தில் மூன்று நாள் தமிழ் வகுப்பு, மீதி நேரம் நன்னெறிக் கல்வி, கூடவே துணி மடிப்பதை மேற்பார்வை பார்ப்பது. தமிழ் வகுப்பு நடக்க இத்தனை பிள்ளைகள் இருக்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. குறைந்தால் வகுப்பை மூடிவிடுவார்கள். இதில் உள்ள கொடுமையைப் பாருங்கள். என் வகுப்பு உயிரோடு இருக்க வேண்டுமானால், பேராக் மாநிலத்தில் எங்கேயோ ஒரு தமிழ்ப் பிள்ளை வம்பில் மாட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழங்காலில் நின்று, "ஆண்டவரே, என் வகுப்பைக் காப்பாற்றும்" என்று நான் எப்படி வேண்டுவது? என் வீட்டுக்காரர் ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். பூசை முடிந்து காடியில் ஏறும்போதெல்லாம், "என்ன, இந்த வாரம் ரெண்டு புள்ளைங்கள மாட்டிவிடச் சொல்லி வேண்டிக்கிட்டியா?" என்று கேட்டுக் கேட்டு என்னிடம் வாங்கிக்கட்டிக்கொள்வார்.

முந்தைய ஆண்டு ஒரு தலை குறைந்தபோது அலுவலகத்திலேயே எனக்கு உதவி செய்யப் பார்த்தார்கள். புதிதாக வந்த பஞ்சாபிப் பிள்ளை ஒருத்தியைக் கொண்டுவந்து என் வகுப்பில் உட்கார வைத்தார்கள். பலகையில் இந்தியர்தானே, தமிழ் வகுப்புக்குப் போகட்டும் என்று. அவளுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் "டேய்". அதையும் என்னைப் பார்த்துச் சொன்னாள். நானும் விடாமல் கற்றுக்கொடுத்தேன். போகும்போது நல்ல தமிழில், "டீச்சர், நான் போய்ட்டு வாரேன்" என்றாள். "போறியே, அது போதும், வராதே" என்று விரட்டிவிட்டேன்.

இப்போது சொல்லவந்த கதைக்கு வருகிறேன். சீனர் கட்டத்தில் நெடுநாளாக ஒரு சுழியம் இருந்தது. ஒரு திங்கட்கிழமை அது ஒன்றாயிற்று. பதினைந்து வயதுப் பெண். சிறுத்த கண், வெளுத்த முகம், வாயைத் திறக்காத பிள்ளை. என்ன செய்துவிட்டு வந்தாள் என்று நான் கேட்கவில்லை. யாரிடமும் கேட்பதில்லை. அது நீதிமன்றத்தின் வேலை.

புதிதாக வருகிற பிள்ளைகளை முதல் சில வாரங்களுக்குத் தனி அறையில் வைப்போம். மற்றப் பிள்ளைகளோடு பேச்சு இல்லை, வீட்டார் வந்து பார்க்கவும் அனுமதி இல்லை. சாப்பாடு அறைக்கே போகும். காலையில் நடைபாதையைக் கூட்டுவார்கள், பிறகு ஆலோசகரோடு உட்கார்ந்து பேசுவார்கள். அந்தப் பெண்ணும் அப்படித்தான் இருந்தாள். ஆலோசகரிடம் மலாயில் ஆமாம், இல்லை என்ற இரண்டு சொல்லுக்கு மேல் பேசவில்லை. சீனப் பிள்ளை, மலாய் சரியாக வரவில்லை போலும் என்று அவர் எழுதி வைத்தார். தலைமையாசிரியை நல்ல மனசுக்காரர். புவான் என்று நாங்கள் அழைக்கும் அந்த மலாய்க்கார அம்மா, ஈப்போவில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தும் ஒரு சீனப் பெண்மணியிடம் சொல்லி, மாண்டரின் கதைப் புத்தகங்கள் வரவழைத்தார். அந்தப் பெண் புத்தகத்தை வாங்கிப் படம் பார்த்தாள். பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எல்லாருக்கும் திருப்தி.

ஒரு நாள் காலை, நான் நடைபாதையில் நின்று வீட்டுக்காரரோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். பேசிக்கொண்டிருந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. கேஸ் தீர்ந்துபோய் இரண்டு நாள். புதுக் கேஸ் தோம்பு ஒன்று வாங்கி வையுங்கள் என்று நான் சொன்னது காதில் ஏறவில்லை. அவர் வாங்கி வைத்தது தூண்டில். "அந்தத் தூண்டில அடுப்புல வச்சி சோறாக்கவா? மீன் வந்து கேஸ் அடுப்ப பத்த வைக்குமா?" என்று என் அடித்தொண்டையிலிருந்து வந்துகொண்டிருந்தது. அந்த நடைபாதையில் சுற்றிலும் மலாய்க் காதுகள்தானே என்ற தைரியம்.

பின்னால் விளக்குமாறு கீழே விழுந்தது. திரும்பிப் பார்த்தால் அந்தச் சீனப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். வந்ததிலிருந்து அவள் பல்லைக்கூட யாரும் பார்த்ததில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். என்ன சிரிப்பு என்று மலாயில் அதட்டினேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுத்தமான தோட்டத்துத் தமிழில் சொன்னாள்.

"எங்கம்மாவும் எங்கப்பாவ இப்பிடித்தான் ஏசுவாங்க டீச்சர்."

போனில் வீட்டுக்காரர் ஹலோ, ஹலோ என்கிறார். நான் அதை அணைத்துப் பையில் போட்டேன். இந்த மாதிரி ஏச்சிலிருந்து அவர் தப்பித்தது அவர் வாழ்க்கையிலேயே அன்றுதான்.

விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்தோம். ரகசியம் என்று அவள் எதையும் வைத்திருக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. செமோர்ப் பக்கம் ரப்பர்த் தோட்டமாக இருந்து, இப்போது மலிவு விலை அடுக்குமாடியாகிவிட்ட இடத்தில் அவள் வீடு. பெற்ற தாய் ஒரு சீனப் பெண், வளர்க்க வழியில்லாதவள். பிறந்த சில நாளில், பிள்ளை இல்லாத தமிழ்த் தம்பதியிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. என் சித்தப்பா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்த அக்காவும் அப்படி வந்தவர்தான், கரகம் எடுத்தால் ஊரே திரும்பிப் பார்க்கும். இவளுக்கும் வீட்டில் கூப்பிட ஒரு தமிழ்ப் பெயர், முனியாண்டி கோயிலில் முடி இறக்கிக் காது குத்து, எல்லாம் ஆயிற்று. பிறப்புப் பத்திரத்தில் மட்டும் சீனர். பத்திரத்தை மாற்றுகிறேன், மாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்த அப்பா, மாற்றாமலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை. அந்த இரவுகளில்தான் இவள் கெட்ட சேர்க்கையில் மாட்டியது.

பேச்சு முடிந்து எழுந்தபோது ஒரு மரியாதைக்காகக் கேட்டேன், சாப்பாடெல்லாம் எப்படி இருக்கிறது என்று. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பரவாயில்லை டீச்சர், பழகிப்போச்சு என்றாள். பழகிப்போனது என்றால் என்ன அர்த்தம்? கிளறிக் கேட்டேன். காலை, மதியம், இரவு, எப்போதும் அரிசிச் சேமியா மாதிரி வெள்ளை மீஹூன் போட்ட சூப்தானாம். உப்புக்கூடச் சரியாக இல்லையாம். பக்கத்து அறைகளுக்குப் போகும் சம்பல் வாசமும் மீன் கறி வாசமும் மட்டும் கதவுக்குக் கீழே வருமாம்.

நேரே சமையலறைக்குப் போனேன். மாக்சிக் என்று எல்லாரும் கூப்பிடும் எங்கள் சமையல்கார அம்மா, கீரைத் தண்டில் கண்டெடுத்த புழுவை நசுக்கிக்கொண்டிருந்தார். ஏன் அந்தப் பிள்ளைக்கு மட்டும் சூப் என்று கேட்டதுதான் தாமதம், அவருக்குப் பெருமை பொங்கிவிட்டது. பல வருடங்களுக்கு முன் ஒரு சீனப் பிள்ளை அவர் சம்பலைச் சாப்பிட்டு வயிறு கெட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிற்றாம். அன்றைக்கே நேர்ந்துகொண்டாராம், இனி ஒரு சீனப் பிள்ளை வந்தால் தன் பிள்ளையைப் போலப் பக்குவமாகப் பார்த்துக்கொள்வேன் என்று. பலகையில் சீனர் ஒன்று என்று பார்த்த நாளிலிருந்து, மூன்று வேளையும் தனியாக அடுப்பு மூட்டி, கோழி எலும்பு வேகவைத்து, அந்த ஒருத்திக்கென்று சூப் வைத்திருக்கிறார். அதற்கென்று ஒரு சின்னச் சட்டி. காரச் சட்டி பக்கத்தில்கூட அதை வைக்கமாட்டாராம்.

நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் மிளகாயில் வளர்ந்தவள் என்றேன். மாக்சிக் அந்தச் சின்னச் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவருக்குக் கோபம் வந்தது. ஒரு வாய் சம்பல் கேட்டிருந்தால் கொடுத்திருக்கமாட்டேனா, அந்தப் பிள்ளைக்கு வாய் இல்லையா என்று கரண்டியைத் தட்டினார். அன்று மதியம் நெத்திலி சம்பலும் கருவாட்டுக் குழம்பும் போயிற்று. தட்டு கழுவத் தேவையில்லாமல் திரும்பி வந்தது என்று மாக்சிக் பிறகு எல்லாரிடமும் சொன்னார்.

ஏன் கேட்கவில்லை என்று நானும் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். சும்மாதான் டீச்சர் என்றாள். அதற்கு மேல் வாயைப் பிடுங்க முடியவில்லை. சரி, கூச்சம் என்று விட்டுவிட்டேன்.

இங்கே என் சுயநலத்தையும் சொல்லிவிட வேண்டும். சரியாக அந்த வாரம் என் வகுப்பில் ஒரு தலை குறைந்திருந்தது. நான் புவானின் அறைக்குள் நுழைந்து, உங்கள் சீனர் கட்டத்தில் ஒரு தமிழ்ப் பிள்ளை இருக்கிறாள், எனக்குத் தாருங்கள் என்றேன். புவான் சிரித்துவிட்டார். எனக்கு இருப்பதே ஒரே ஒரு சீனப் பிள்ளை, அதையும் பிடுங்கப் பார்க்கிறாயா என்றார். இனம் வேறு, மொழி வேறு என்பது பஞ்சாபிப் பிள்ளையை என் தலையில் கட்டியபோது மட்டும் தெரியவில்லையா என்று நான் சண்டைக்கு நின்றேன். கடைசியில் பலகையில் அவள் சீனராகவே இருப்பது, வகுப்பில் என்னுடையவளாக உட்காருவது என்று ஒப்பந்தம் ஆயிற்று. கிராணியம்மாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. இரண்டு கூட்டலும் ஒத்துவராதே என்று மாதக்கணக்கில் புலம்பினார்.

என் வகுப்பு களைகட்டியது. தனி அறைக் காலம் முடிந்து அவள் முதல் நாள் வந்து உட்கார்ந்தபோது மற்றப் பிள்ளைகள் இது யாருடி, டீச்சர் வழி தவறிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார் என்று ஆளுக்கொன்று பேசினார்கள். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருத்தி அவள் மூக்கைப் பற்றி ஏதோ சொன்னாள். இவள் திரும்பி, "ஒன் மூக்க மட்டும் மூனாவது மாடியிலேருந்தே பாக்கலாம்லா" என்றாள். வகுப்பு வெடித்தது. அதற்குப் பிறகு அவளை அடக்குவதுதான் என் முழுநேர வேலை. இரண்டு சொல்லுக்கு மேல் அவளிடம் கேட்டிராத ஆலோசகரைக் கூட்டிவந்து காட்ட வேண்டும் போலிருந்தது.

சீனர்களின் மூன்கேக் திருவிழா வந்தது. இல்லம் நடத்தும் அந்தச் சீனப் பெண்மணி, பெட்டி பெட்டியாக மூன்கேக்கும் காகித விளக்குகளும் எடுத்துக்கொண்டு வந்தார். அவர் எங்கள் பள்ளியின் மேற்பார்வைக் குழுவிலும் இருந்தார். எந்தப் பிள்ளை எப்போது, யாரிடம் போகலாம் என்று முடிவு செய்வது அந்தக் குழுதான். அந்தப் பெண்ணிடம் கேண்டனீஸில் ஏதோ கேட்டார். அவள் திருதிருவென விழித்து என்னைப் பார்த்தாள். மாண்டரினில் கேட்டார். அதற்கும் அதே. எல்லாரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். ஆனால் விளக்குக் கொளுத்தும்போது அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தடவிக்கொடுத்துக்கொண்டே அவர் ஏதோ யோசிப்பது எனக்குத் தெரிந்தது.

யோசித்தது இதுதான். அவளுக்குத் தங்கும் காலம் முடியப் போகிறது. வீட்டில் தத்தெடுத்த பத்திரம் இல்லை, அப்பா இல்லை, அம்மாவுக்கு இரவு வேலை, இரத்த உறவும் இல்லை. மறுபடி அங்கேயே அனுப்பினால் பழைய சேர்க்கை திரும்பாதா? எங்கள் இல்லத்தில் ஒரு படுக்கை காலியாக இருக்கிறது, தன் இனத்தாரோடு வளரட்டும், மொழி படிக்கட்டும், நான் பொறுப்பு என்று அவர் குழுவுக்குச் சொன்னார். கெட்ட எண்ணம் ஒரு துளியும் இல்லை. கெட்டவர்களோடு சண்டை போடலாம், நல்லவர்களோடு என்ன செய்வது? நலத்துறை அதிகாரியான இளைஞருக்கும் அது சரியாகவே பட்டது. புவான்கூட, யோசிக்க வேண்டிய விஷயம்தான் என்றார்.

அந்தப் பெண்ணுக்குச் செய்தி எட்டியது. அன்று மணி அடித்த பிறகு மேசையைத் துடைப்பதுபோல என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எங்கம்மாவுக்கு என்னைய விட்டா யாரும் இல்ல டீச்சர். எனக்கும்தான்."

நான் அவளுக்கு எந்த வாக்கும் கொடுக்கவில்லை. கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்து தட்டைக் கழுவும்போது அழுதேன். வீட்டுக்காரர் கேஸ் தோம்பை ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டுப் போனார், பாவம்.

குழு கூடும் நாள் தீபாவளிக்கு முந்தைய வாரம். அவள் அம்மாவையும் கூப்பிட்டிருந்தார்கள். மொழிபெயர்க்க நான். இருந்தாலும் முக்கியமானதை அவர் வாயாலேயே சொன்னால் நல்லது என்று, அதற்கு முந்தைய நாட்களில் அந்த அம்மாவும் நானும் போனில் ஒத்திகை பார்த்தோம். நான் பகல் வேலைக்கு மாறிக்கொள்கிறேன், மகளைப் பார்த்துக்கொள்வேன், பத்திரம் எடுத்துவிடுவேன் என்று மூன்று மலாய் வாக்கியங்கள். தோட்டத்து மலாயில் சந்தையில் பேரம் பேசுகிறவர்தான். ஆனால் பெரியவர்கள் முன்னால் பேச வேண்டும் என்றதும் நாக்கு சுருண்டுகொண்டது. "மறந்துருவேன் டீச்சர், மறந்துருவேன்" என்று போனிலேயே அவருக்கு வியர்த்தது.

மறந்துதான் போனார். இரவு வேலை முடிந்து, தொழிற்சாலைச் சட்டையோடு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். குள்ளமான, கறுத்த, நெற்றியில் குங்குமக்கோடு வைத்த அம்மா. குழுத் தலைவர், நரைத்த மலாய்ப் பெரியவர், அன்பாகத்தான் கேட்டார். அம்மா மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முதல் வாக்கியம் பாதியில் நின்றது. இரண்டாவது வரவே இல்லை. எதிரே அவர் மகள் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். அதிகாரி தாளில் எதையோ குறித்துக்கொண்டார். நான் மனசுக்குள் மாதாவைக் கூப்பிட்டேன்.

அந்த அமைதியைக் கலைக்க நினைத்தோ என்னவோ, புவான் பேசினார். உங்கள் மகளிடம் நாங்கள் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும், ஆரம்பத்தில் காரம் ஆகாது என்று நினைத்து வாரக்கணக்கில் வெறும் சூப்தான் கொடுத்தோம், அவளும் ஒன்றும் சொல்லவில்லை என்றார். நான் அதை அம்மாவிடம் தமிழில் சொன்னேன்.

அம்மா தலையை நிமிர்த்தினார். மகளைப் பார்த்தார். குழுவும் தலைவரும் அந்த அறையில் இருப்பதையே மறந்துவிட்டார்.

"ஏண்டி, வீட்டுல கொழம்புல உப்பு கொறஞ்சா தட்ட தள்ளிட்டு எந்திரிப்ப. இங்க வந்து வெறுந்தண்ணியக் குடிச்சிக்கிட்டு ஊமச்சி மாதிரி இருந்தியா? ஒரு வா சம்பல் குடுங்கன்னு கேக்க வாயில்ல? எங்கிட்ட பேசறதுக்கு மட்டும் ஏழு மொழத்துக்கு வாயி. பாரு, கழுத்தெலும்பு தெரியுது. தலையில எண்ணெ வச்சி எத்தன நாளாச்சு? அந்த முடியப் பாரு, தேங்கா நாரு மாதிரி..."

மூச்சு விடாமல் போய்க்கொண்டிருந்தது. நான் மொழிபெயர்ப்பதை எப்போதோ நிறுத்திவிட்டேன். மகள் இரண்டு தடவை குறுக்கே பேசப் பார்த்து முடியாமல், கடைசியில் அவளும் குரலை உயர்த்திவிட்டாள்.

"தண்டனைன்னு நெனச்சேம்மா. நான் செஞ்சதுக்கு கோர்ட்டுல குடுத்த சாப்பாடு அதுதான்னு நெனச்சேன்."

அத்தனை நாளும் கூச்சம் என்று நான் நினைத்திருந்தது இதுதானா? கதவுக்குக் கீழே வந்த வாசத்தை மோந்துகொண்டு, இது எனக்கு வேண்டியதுதான் என்று மூன்று வேளையும் அந்தச் சூப்பைக் குடித்திருக்கிறாள்.

அம்மா எழுந்து மேசையைச் சுற்றிப் போனார். அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். மகளின் தலையை இழுத்துத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டார். அந்த வெளுத்த முகம் தொழிற்சாலைச் சட்டைக்குள் புதைந்துபோயிற்று.

"பசியோட கெடக்கவாடி ஒன்ன வளத்தேன்" என்றார்.

என்ன சொன்னார்கள் என்று தலைவர் என்னைக் கேட்டார். நான் வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. நல்ல மொழிபெயர்ப்பாளர் நான். அப்போது அந்தச் சீனப் பெண்மணி கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மொழிபெயர்க்க வேண்டாம் என்று மலாயில் சொன்னார்.

"என் அம்மாவும் இப்படித்தான் ஏசுவார். எங்கள் இல்லத்துப் பிள்ளைகளுக்கு இப்படி ஏச ஆள் இல்லை. இவளுக்கு இருக்கிறார். அந்தப் படுக்கை ஆள் இல்லாத பிள்ளைக்கு இருக்கட்டும்."

பிறகு நடந்ததெல்லாம் அலுவலக வேலை. அம்மா பகல் வேலைக்கு மாற வேண்டும், தத்தெடுப்பதைப் பதிய வேண்டும், அதிகாரி மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து பார்ப்பார். பதிவு அலுவலகத்துக்குத் தானே கூட்டிக்கொண்டு போவதாக அந்த அதிகாரியே சொன்னார். அம்மாவுக்கு அந்த நேரத்தில்தான் மூன்று மலாய் வாக்கியங்களும் ஞாபகத்துக்கு வந்தன. எல்லாரும் எழுந்து கதவுப் பக்கம் போகும்போது ஒன்றன்பின் ஒன்றாக அத்தனையையும் ஒப்பித்தார். தலைவர் நின்று, முழுவதும் கேட்டுவிட்டுப் போனார்.

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவளைக் கூட்டிப்போக அம்மா வந்தார். முதலில் சமையலறைக்குப் போய் மாக்சிக்கின் கையில் ஒரு டின் முறுக்கைத் திணித்தார். மாக்சிக் அதை வாங்கிக்கொண்டு, தான் வைத்த சூப்புக்கு மறுபடியும் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு மலாய்ச் சொல்தான் சொன்னார், நன்றி என்று. என் பிள்ளைக்கென்று தனி அடுப்பு மூட்டினீர்களே என்று தமிழில் சொன்னதை நான் மொழிபெயர்த்தேன். இந்தத் தடவை அழாமல் முடித்தேன்.

அலுவலகத்தில் கிராணியம்மா துணியும் பேனாவுமாகப் பலகை முன்னால் நின்றுகொண்டிருந்தார். சீனரில் கழிப்பதா, இந்தியரில் கழிப்பதா என்று என்னைக் கேட்டார். கேலியில்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்டார். பலகையில் சீனரில் கழியுங்கள், என் வகுப்பில் நானே கழித்துக்கொள்கிறேன் என்றேன். அவர் ஒன்றைத் துடைத்துச் சுழியம் போட்டார். எனக்கு மறுபடி ஒரு தலை குறைந்தது. வரும் ஆண்டு தமிழ் வகுப்பு இருக்குமோ இருக்காதோ, அதை அப்புறம் பார்க்கலாம் என்று நாசி லெமாக் வாங்க ஆள் அனுப்பினேன். அன்றைய செலவு என்னுடையது.

அவர்கள் இருவரும் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள். வாசலைத் தாண்டவில்லை, அதற்குள் அம்மாவின் குரல் உயர்ந்துவிட்டது. கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறார், மகள் பையைத் தூக்கிக்கொண்டு பதிலுக்குப் பதில் பேசிக்கொண்டே பின்னால் போகிறாள். பாங் என்று அண்ணன் முறை வைத்து நாங்கள் கூப்பிடும் ஜாகா பயந்துவிட்டார். இப்போதுதானே மகளைக் கூட்டிக்கொண்டு போகிறார், அதற்குள் என்ன சண்டை, போய்த் தடுக்கட்டுமா என்று என்னைக் கேட்டார்.

நான் காதைத் தீட்டிக் கேட்டேன்.

சண்டை இல்லை பாங், பசியாறிவிட்டாயா என்று கேட்கிறார் என்றேன்.